கூபா நகரத்து ஜவுளி வியாபாரி

வியாபாரிக்கும் கல்விக்கும் வெகுதூரம் என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. கல்லாப் பெட்டியின் அருகே உட்கார்ந்தவன் கணக்கைத் தவிர வேறெதைக் கற்க முடியும் என்று அவர்கள் கேட்பார்கள். அந்த எண்ணத்தை மாற்றவல்ல ஒரு பெரியாரின் வாழ்க்கையை இம்முறை நம் வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம். அவர்கள் ஒரு ஜவுளிக் கடைக்காரர். பெரும் அறிஞரான பின்னும் கடையை மூடிவிடவில்லை. உலக முஸ்லிம்களில் பெருந்தொகையினர் பின்பற்றும் ஹனபி மத்ஹப் அவர்களுடைய பெயராலேயே வழங்குகிறது. அவர்கள்தாம் இமாம் அபூஹனீபா (ரஹ்).

ஹிஜ்ரி 80-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 699-இல், இராக் நாட்டின் கூபா நகரில் இமாம் அவர்கள் பிறந்தார்கள். இயற்பெயர் நுஃமான். தந்தையார் பெயர் தாபித். பாரசீக வழிவந்த குடும்பம். துணி வியாபாரம் குலத்தொழில். பட்டும் கம்பளி நூலும் கலந்து நெய்த உயர்ந்த ரகத் துணி அவர்களுடைய சரக்கு. இளமையில் நுஃமானின் பொழுதெல்லாம் கடைவீதியிலேயே கழிந்தது. சரக்கு பார்ப்பது, விலை பேசுவது, வாங்குவது, விற்பது, இவையே அவர்களுடைய பாடங்கள்.

ஒரு நாள் கடைவீதிக்குப் போகும் வழியில் கூபாவின் பேரறிஞர் ஷஅபீ அவர்களைக் கடந்து போக நேர்ந்தது. எங்கே போகிறாய் என்று அவர் விசாரித்தார். கடைவீதிக்கு என்று பதில் வந்தது. அதை அல்ல, எந்த அறிஞரிடம் போய்வருகிறாய் என்பதையே கேட்டேன் என்றார் அவர். அப்படி யாரிடமும் அதிகமாகப் போவதில்லை என்று இளைஞர் ஒப்புக்கொண்டார். உன்னிடம் விழிப்பும் கூர்மையும் தெரிகின்றன, அவற்றை வீணாக்காதே என்று புத்தி சொல்லி அனுப்பினார் ஷஅபீ. சில வார்த்தைகள்தாம், ஆனால் அவை நெஞ்சில் தைத்துவிட்டன. தன்னிடம் இருப்பதைத் தான் அறியாத வயதில், அதைக் கண்டு சொல்ல ஒரு பெரியவர் கிடைப்பது பெரும் பாக்கியம்.

முதலில் நுஃமான் அவர்கள் தர்க்கக் கலையில் இறங்கினார்கள். கொள்கை விவாதங்களில் நல்ல பெயரும் கிடைத்தது. அப்போது ஒரு பெண்மணி வந்து தலாக் சம்பந்தமான ஒரு சட்டத்தைக் கேட்டார். பெரிய பெரிய விவாதங்களில் வென்றவருக்கு இந்த வீட்டுக் கேள்விக்கு விடை தெரியவில்லை. சற்றுத் தூரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹம்மாத் இப்னு அபீ சுலைமான் அவர்களிடம் கேட்கும்படியும், கிடைக்கும் விடையைத் தமக்கும் வந்து சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்கள். விடை வந்தது. உடனே செருப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய் ஹம்மாத் அவர்களின் மஜ்லிஸில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஹம்மாத் அவர்கள் இப்ராஹீம் நகஈ அவர்களின் மாணவர். அந்த ஆசிரிய வரிசை நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வரையில் போய்ச் சேரும். நேற்றுச் சொன்ன பாடத்தை இன்று பிசகாமல் ஒப்பிக்கும் இந்த ஜவுளிக்கடைப் பிள்ளையைக் கவனித்த ஹம்மாத், மஜ்லிஸில் தமக்கு நேர் முன்னால் உட்காரும்படி இடம் கொடுத்தார்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. மாணவரின் உள்ளத்தில் ஓர் ஆசை எழுந்தது. நமக்கும் போதுமான கல்வி வந்துவிட்டதே, தனியாக ஒரு மஜ்லிஸ் தொடங்கினால் என்ன? ஒரு மாலைப்பொழுதில் அந்த எண்ணத்தோடேயே பள்ளிவாசலுக்குள் நுழைந்தார்கள். ஆனால் ஆசிரியரைக் கண்டதும் விலகி உட்கார மனம் வரவில்லை; பழைய இடத்திலேயே போய் அமர்ந்தார்கள். அன்றிரவே பஸராவிலிருந்து செய்தி வந்தது. ஹம்மாத் அவர்களின் உறவினர் ஒருவர் அங்கே இறந்துவிட்டார். சொத்துக்கு வாரிசு இவர் ஒருவரே. ஹம்மாத் புறப்பட்டார். புறப்படும்போது தம் இடத்தில் அபூஹனீபாவை உட்கார வைத்துவிட்டுப் போனார்.

விரும்பிய ஆசனம் கேட்காமலே கிடைத்துவிட்டது. இரண்டு மாதம் கேள்விகள் வந்தவண்ணம் இருந்தன. ஆசிரியரிடம் கேட்டிராத கேள்விகளாகவே 60 வந்தன. அபூஹனீபா அவர்கள் தம் அறிவுக்கு எட்டியபடி விடை சொன்னார்கள். சொன்னதையெல்லாம் எழுதியும் வைத்தார்கள். ஹம்மாத் திரும்பி வந்ததும் அந்த ஏட்டை அவர் முன் வைத்தார்கள். 40 விடைகளை ஆசிரியர் ஒப்புக்கொண்டார். 20 விடைகளில் மாறுபட்டார். அன்று மாணவர் ஒரு சபதம் செய்துகொண்டார்கள்: ஹம்மாத் உயிரோடு இருக்கும் வரையில் அவருடைய மஜ்லிஸை விட்டுப் பிரிவதில்லை. அவ்வாறே ஆக மொத்தம் 18 ஆண்டுகள் கூட இருந்தார்கள்.

இந்த நிகழ்ச்சியை வியாபாரிகளாகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலாளி ஊருக்குப் போயிருக்கும்போது கடையை நடத்தியவர்கள் நம்மில் பலர். அவர் திரும்பி வந்ததும் லாபத்தை முன்னால் வைத்து, தவறிய கணக்கைக் கீழே ஒளித்து வைக்கத் தோன்றுவது மனித சுபாவம். அபூஹனீபா அவர்களோ தாம் செய்ததை முழுவதுமாகக் கொண்டுபோய் நீட்டினார்கள். நீட்டியிராவிட்டால் அந்த இருபதும் யாருக்கும் தெரிந்திராது, அவர்களுக்கே தெரிந்திராது.

ஹிஜ்ரி 120-இல் (கி.பி. 738) ஹம்மாத் அவர்கள் காலமானார்கள். பின்னர் அந்த ஆசனம் அபூஹனீபா அவர்களிடம் வந்து சேர்ந்தது. தம் மகனுக்கு ஹம்மாத் என்றே பெயர் வைத்திருந்தார்கள். பெற்றோருக்குத் துஆச் செய்யும்போதெல்லாம் ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் இவ்வளவு பக்தியுள்ள மாணவர், ஆசிரியர் சொன்னதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஆதாரம் வேறு பக்கம் காட்டிய இடங்களில் ஆசிரியரின் முடிவிலிருந்து விலகித் தம் முடிவைச் சொன்னார்கள். நன்றி வேறு, நகல் வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர்களுடைய மஜ்லிஸும் அவ்விதமே நடந்தது. ஒரு கேள்வியை நடுவில் போடுவார்கள், மாணவர்கள் வாதாடுவார்கள், சில சமயம் ஆசிரியரையே எதிர்த்துப் பேசுவார்கள். ஹனபி சட்ட நூல்களைத் திறந்தால், பல இடங்களில் இமாம் அவர்களின் கருத்தும், அவர்களோடு மாறுபட்ட மாணவர்களான அபூயூசுப், முஹம்மத் ஆகியோரின் கருத்தும் பக்கம் பக்கமாகப் பதிவாகி இருப்பதை இன்றும் காணலாம்.

கடையில் அவர்கள் எப்படி இருந்தார்கள்? ஒரு பெண்மணி பட்டுத்துணி ஒன்றை விற்கக் கொண்டுவந்து 100 திர்ஹம் கேட்டார். இதன் பெறுமானம் அதைவிட அதிகம் என்றார்கள் இமாம். நூறு நூறாக ஏறி 400-க்கு வந்தது. இன்னும் அதிகம் என்றதும், தம்மைக் கேலி செய்வதாகப் பெண்மணி நினைத்துவிட்டார். விலை தெரிந்த ஒருவரை அழைத்து வரச்சொல்லி, 500 திர்ஹத்துக்கு அத்துணியை வாங்கிக்கொண்டார்கள். மற்றொரு சமயம், பங்காளியான ஹப்ஸிடம் சரக்கு அனுப்பியபோது, இன்ன துணியில் பழுது இருக்கிறது, சொல்லி விற்கவும் என்று குறித்திருந்தார்கள். ஹப்ஸ் மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள். அத்தொகை 30,000 திர்ஹம் என்று வரலாற்றில் காணப்படுகிறது. மஜ்லிஸில் சட்டம் சொன்னவரும் கடையில் விலை சொன்னவரும் ஒரே மனிதராக இருந்தார்கள்.

மாணவர் அபூயூசுப் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பிழைப்பைப் பார் என்று வீட்டார் அவரைப் படிப்பிலிருந்து இழுத்துக்கொண்டார்கள். மஜ்லிஸில் அவரைக் காணாத இமாம் விசாரித்து அறிந்து, 100 திர்ஹம் உள்ள பை ஒன்றைக் கொடுத்து, தீர்ந்ததும் சொல்லும்படி கூறினார்கள். அவர் வாய்திறந்து கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. தீரும் சமயத்தில் அடுத்த பை வந்துகொண்டிருந்தது.

இதே அபூயூசுப், நோயுற்றிருந்தபோது தம்மை இமாம் உயர்த்திப் பேசியதைக் கேள்விப்பட்டு, குணமானதும் தனி மஜ்லிஸ் தொடங்கிவிட்டார். இமாம் கோபித்துக்கொள்ளவில்லை. ஓர் ஆளிடம் ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்பினார்கள். ஒருவர் கூலி பேசித் துணியை வெளுக்கக் கொடுத்தார். திரும்பக் கேட்டபோது, அப்படி ஒரு துணியே வரவில்லை என்று சலவைக்காரர் மறுத்துவிட்டார். பிறகு ஒரு நாள் வெளுத்த துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது கூலி உண்டா? உண்டு என்றார் அபூயூசுப். தவறு என்றார் வந்தவர். இல்லை என்றார். அதுவும் தவறு என்றார். அபூயூசுப் எழுந்து நேரே இமாமிடம் வந்தார். இமாம் சற்றே கடிந்துகொண்டு விளக்கினார்கள்: மறுப்பதற்கு முன் வெளுத்திருந்தால் கூலி உண்டு, ஏனெனில் அந்த வேலை துணிக்குரியவருக்காகச் செய்தது. மறுத்த பின் வெளுத்திருந்தால் கூலி இல்லை, ஏனெனில் அபகரித்த துணியைத் தனக்காகவே வெளுத்துக்கொண்டார்.

அந்த 20 விடைகள் தமக்குக் கற்பித்ததையே இமாம் தம் மாணவருக்கும் கற்பித்தார்கள். நம் கடையில் தொழில் பழகியவர் எதிர் வரிசையில் கடை திறந்தால் நாம் என்ன அனுப்புகிறோம்? பெரும்பாலும் கேள்வியல்ல, வசைதான்.

உமையா ஆட்சியில் இராக்கின் கவர்னராக இருந்த இப்னு ஹுபைரா அரசாங்கப் பதவி ஏற்கும்படி வற்புறுத்தினார். இமாம் மறுத்தார்கள், கசையடி கிடைத்தது. பின்னர் அப்பாஸிய கலீபா மன்சூர் பகுதாதுக்கு அழைத்துக் காழிப் பதவியை நீட்டினார். தாம் அதற்குத் தகுதியற்றவர் என்றார்கள் இமாம். பொய் சொல்கிறீர் என்றார் கலீபா. அப்படியானால் பொய்யன் காழியாக இருக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். சிறை வாசம் கிடைத்தது. ஹிஜ்ரி 150-இல் (கி.பி. 767) பகுதாதில், சிறையிலேயே வஃபாத்தானார்கள் என்பது பரவலான வரலாறு. பிறர் விருப்பத்துக்கு வளையும் தீர்ப்பைத் தம் வாயால் சொல்ல அவர்கள் இசையவில்லை.

அதே அபூயூசுப் பிற்காலத்தில் கலீபா ஹாரூன் ரஷீதிடம் தலைமைக் காழியாகப் பதவி ஏற்றார். அப்பெயரில் அப்பதவி வகித்த முதல்வர் அவரே. ஆசிரியர் மறுத்ததை மாணவர் ஏற்றார். ஆயினும் ஆசிரியரின் கல்வியை உலகெங்கும் பரப்பியவர்களுள் அவர் முதல்வரிசையில் இருக்கிறார். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்ததும் அதே ஹிஜ்ரி 150-இல்தான். அவர்களும் பின்னர் அபூஹனீபா அவர்களின் மாணவரான முஹம்மதிடம் பாடம் கேட்டு, தமக்கென்று ஒரு மத்ஹபைக் கண்டார்கள். ஆகவே நம்மில் ஹனபிகளுக்கும் ஷாபிஈகளுக்கும் இந்த ஜவுளிக்கடையோடு உறவு உண்டு.

நம் முன்னோர்களில் பலர் கப்பலேறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, கடைப் பையன்களாகத் தொழில் பழகி, பிறகு தாமே முதலாளிகளானவர்கள். இன்று நம் பிள்ளைகளில் சிலர் கடைக்கு வருகிறார்கள். சிலர் வேறு துறைகளுக்குப் போகிறார்கள். அவர்களைப் பொறுமையாகப் பழக்குவோம். இருபது தவறுகளைக் கொண்டுவந்து காட்டும் தைரியத்தைக் கொடுப்போம். தகுதி வந்தபின் அவரவர் வழியில் போக இடம் கொடுப்போம். அதற்குரிய மனவிரிவை வல்ல நாயன் நம் எல்லோருக்கும் அருள்வானாக.