துவக்குப் பிடித்த சிறுவன் வால்ட்ஸ் கற்பித்த கதை

1914 ஆம் ஆண்டு நவம்பரில், லண்டன் ஸ்கொட்டிஷ் படைப்பிரிவில் ஒரு சிறுவன் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்துகொண்டான். அவனுக்குப் பதினைந்து வயது கூட நிறைந்திருக்கவில்லை. வெம்பிளியில் தேவாலயக் குருவாக இருந்தவரின் மகன். பள்ளிக்கூடங்களில் இருந்து தப்பியோடுவது அவனுக்குப் பழக்கம். இந்த முறை ஓடியது போருக்கு. பெயர் விக்டர் சில்வெஸ்டர்.

அந்த வயதுப் பிள்ளை துவக்கோடு நிற்பது எங்களுக்குப் புதிய காட்சியல்ல. பெற்றோர் தேடி அலைந்ததும் எங்களுக்குத் தெரிந்த கதைதான்.

1917 இல் பிரான்சின் அராஸ் களமுனையில் சில்வெஸ்டர் இருந்தார். உண்மையான வயது தெரியவந்ததும் அங்கிருந்து விலக்கப்பட்டு, இத்தாலியில் காயக்காரரை ஏற்றும் அம்புலன்ஸ் பிரிவுக்குப் போனார். அங்கே எறிகணையில் தானும் காயமடைந்தார். இத்தாலி அவருக்கு வீரத்துக்கான வெண்கலப் பதக்கம் கொடுத்தது.

போர் முடிந்து ஊர் திரும்பியவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. லண்டன் ஹரோட்ஸ் அங்காடியில் நடந்த தேநீர் நடனத்துக்கு ஒருநாள் போனார். பெல் ஹார்டிங் என்ற நடன ஆசிரியை, இணையில்லாமல் வரும் பெண்களுடன் ஆடும் வேலையை அவருக்குக் கொடுத்தார். 1922 இல் பிலிஸ் கிளார்க்குடன் ஆடி உலக போல்ரூம் நடனப் போட்டியில் வென்றார்.

ஆனால் கிண்ணத்தைவிட அவர் கற்பித்த விதம்தான் நீண்டகாலம் நின்றது. 1924 இல் இம்பீரியல் நடன ஆசிரியர் சங்கத்தின் போல்ரூம் குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆளுக்கொரு விதமாக ஆடியதை அந்தக் குழு ஒழுங்குபடுத்தியது. பாலே நடனம்போலப் பாதங்களை வெளிப்புறம் திருப்பி வைக்கும் பழைய முறை போய், சாதாரணமாக நடப்பதுபோல நேராக வைப்பது வழக்கமாயிற்று. நடக்கத் தெரிந்தவர் ஆடவும் கற்கலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

மெதுவான வால்ட்ஸின் முதற் பாடம் அவ்வளவு எளியது. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ண வேண்டும், ஒன்றில் அழுத்தம். ஆண் இடது காலை முன்னே வைக்கிறார், வலது காலைப் பக்கமாக வைக்கிறார், இடது காலை அதனோடு சேர்க்கிறார். பிறகு வலது கால் பின்னே, இடது கால் பக்கமாக, வலது கால் சேரும். தரையில் ஒரு சதுரம் வரைந்தாயிற்று. எதிரே நிற்கும் பெண், ஆண் முன்னே வரும்போது வலது காலால் பின்னே போகிறார்.

புதிதாகப் பழகுபவர் தடுமாறுவது பெரும்பாலும் மூன்றாவது எண்ணிக்கையில். கால்களைச் சேர்த்ததும் உடற்பாரத்தைச் சேர்த்த காலுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்து எடுக்க வேண்டிய கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். குனிந்து பாதத்தைப் பார்ப்பது இன்னொரு பிழை. தலை குனிந்தால் உடலின் சமநிலை கெடும்.

1927 இல் நவீன போல்ரூம் நடனம் பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது. இசைத்தட்டுகளில் தாளம் கூடியும் குறைந்தும் போனதில் எரிச்சலடைந்து, 1935 இல் சொந்த இசைக்குழுவை அமைத்தார். பாட்டு முடியும்வரை வேகம் மாறாது. இசை விமர்சகருக்கு அது சலிப்பாக இருக்கலாம்; கால் பழகாதவருக்கு அதுதான் பிடிமானம்.

மீண்டும் போர் வந்தது. 1941 இல், இருட்டடிப்புக் கால பிரித்தானியாவில், பிபிசி வானொலியில் நடன வகுப்பை நடத்தினார். கேட்பவர் எழுதிக்கொள்ளும்படி அடிகளை ஆறுதலாகச் சொல்லி, பிறகு இசையை ஒலிக்கவிட்டார். பிபிசி உலக சேவையில் அவரது நேயர் விருப்ப நிகழ்ச்சி 1948 முதல் 1975 வரை போனது. எங்கள் பேரன்மார் சிலரும் கேட்டிருக்கலாம்.

ஒன்றை மட்டும் அவர் மிகவும் பிந்தித்தான் பேசினார். இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு, பிரான்சில் படையைவிட்டு ஓடியவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றிய துப்பாக்கி அணியில் தன்னையும் நிறுத்தினார்கள் என்று தெரிவித்தார். சுடப்பட்டவர்கள் அவரது சொந்தப் படையினர். கட்டளை வந்தது, சுட்டார். அப்போது வயது பதினேழு. உலகமெங்கும் வீட்டு அறைகளில் அவரது இசைத்தட்டுக்குக் கால் எடுத்து வைத்தவர்களில் எவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை.

1978 ஆகஸ்ட் 14 அன்று, தென் பிரான்சின் லெ லவாண்டு கரையில் விடுமுறையில் இருந்தபோது, கடலில் நீந்துகையில் இறந்தார். இசைக்குழுவை மகன் தொடர்ந்து நடத்தினார், அதே மாறாத வேகத்தில்.