காலையில் பேடல், மாலையில் ஒயின்... இந்த வீக்எண்டு பிளானை எழுதிவெச்சுட்டுப் போன பிரின்ஸ்!

அந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. கண்ணாடிச் சுவருக்குள்ள நாலு பேர் ராக்கெட்டோட துள்ளுறாங்க. பந்து பின்சுவர்ல பட்டுத் திரும்புது, அதையும் அடிக்கிறாங்க. அடுத்த ஷாட்ல மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், மர மேஜை, கையில ஒயின் கிளாஸ். கீழே 'ரெண்டு நைட், மூணு நாள்' என்று ஒரு கேப்ஷன்.

இப்படியொரு வீக்எண்டு தெற்கு ஸ்பெயினில் ரொம்ப ஈஸி. கடற்கரையில் மார்பேயா, மலைமேல் ரோண்டா. நடுவில் சுமார் 60 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். முதல் ஊரில் பேடல், இரண்டாவது ஊரில் ஒயின். (ஸ்பெல்லிங்கைப் பார்த்து மார்பெல்லா என்று சொல்லிடாதீங்க, அங்கே யாருக்கும் புரியாது.)

இதில் சுவாரஸ்யம் என்னன்னா, மார்பேயாவுக்கு பேடலைக் கொண்டுவந்தவரும், ரோண்டாவில் அழிந்துபோயிருந்த ஒயின் தொழிலுக்கு மறுபடி உயிர் கொடுத்த முன்னோடிகளில் ஒருவரும் ஒரே ஆள். பெயர் அல்ஃபோன்சோ டி ஹோஹென்லோஹே. பிளான் போடுறதுக்கு முன்னாடி இவர் கதையைக் கேட்டுடுங்க. டூர் பேக்கேஜில் இது வராது.

1924-ல் மாட்ரிட்டில் பிறந்தவர். அப்பா மாக்ஸ், ஜெர்மானிய இளவரசர் வம்சம். அம்மா பியெதாத் இதுர்பே, மெக்ஸிகோ வேர் கொண்ட ஸ்பானிஷ் பிரபுக் குடும்பம். ஞானத் தந்தை யார் தெரியுமா? ஸ்பெயினின் ராஜா பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். குடும்பத்துக்கு இன்றைய செக் நாட்டில் அரண்மனை, எஸ்டேட் எல்லாம் இருந்தது. பிறக்கும்போதே லைஃப் செட்டில் என்று நினைக்கத் தோணும்.

ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்த சொத்து மொத்தமும் அரசாங்கத்தின் கைக்குப் போனது. பட்டம் மிச்சம், வீடு இல்லை. 20 வயதைத் தாண்டியிருந்த அல்ஃபோன்சோவுக்கு அதுதான் முதல் பெரிய அடி. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. அவர் பின்னாடி செய்த பல விஷயங்கள் இங்கிருந்துதான் தொடங்குது.

அந்த நேரத்தில் ரிக்கார்டோ சொரியானோ என்ற உறவினர், தெற்கே மார்பேயான்னு ஒரு மீனவக் கிராமம் இருக்கு, வந்து பாருங்க என்று கூப்பிட்டிருக்கிறார். அப்பாவும் மகனும் ரோல்ஸ் ராய்ஸில் கிளம்பினார்கள். பெட்ரோல் தட்டுப்பாடு இருந்த காலம் என்பதால் அந்த ரோல்ஸ் ராய்ஸ் கரியில் ஓடியது என்று சொல்வார்கள். காட்சியை யோசிச்சுப் பாருங்க: உலகின் காஸ்ட்லி காரில், கரி மூட்டி, புகை விட்டுக்கொண்டு ஒரு ராஜகுடும்பம் புது வீடு தேடி வருகிறது.

வந்த இடம் பிடித்துவிட்டது. பின்பக்கம் மலை வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்குது, முன்னால் மத்தியதரைக் கடல், நடுவில் யாருமே இல்லை. 1947-ல் சாண்டா மார்கரீட்டா என்ற பழைய பண்ணை வீட்டை வாங்கினார்கள்.

வீடு வாங்கினால் என்ன ஆகும்? சொந்தக்காரங்க வருவாங்க. ராஜகுடும்பத்துக்குச் சொந்தக்காரங்கன்னா ஐரோப்பா முழுக்க! வந்தவர்கள் கிளம்புவதாகவே இல்லை. கலிஃபோர்னியாவில் மோட்டல்களைப் பார்த்திருந்த அல்ஃபோன்சோவுக்கு அங்கேதான் ஐடியா வந்தது. 1954-ல் அந்தப் பண்ணை வீடு 'மார்பேயா கிளப்' என்ற ஹோட்டலானது. தோட்டத்தைச் சுற்றித் தாழ்வான வெள்ளை அறைகள், அவ்வளவுதான். நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள ரூடி என்று எல்லோரும் கூப்பிடும் உறவினர், கவுன்ட் ருடால்ஃப் வான் ஷோன்பர்க் சில வருடங்களில் வந்து சேர்ந்தார். ஒரு பிரின்ஸ் ஓனர், ஒரு கவுன்ட் மேனேஜர். இதைவிட என்ன விளம்பரம் வேணும்? ஆட்ரி ஹெப்பர்ன், கேரி கிரான்ட், வின்ட்ஸர் கோமகன் தம்பதி என்று ஆட்கள் வரிசையாக வந்தார்கள்.

அவருடைய வியாபார மூளையை இங்கே சொல்லியாகணும். தன் அட்ரஸ் புத்தகத்தில் இருந்த நண்பர்களைத்தான் முதல் வாடிக்கையாளர்கள் ஆக்கினார். மார்பேயாவில் யார் வீடு கட்டணும், யாருக்கு நிலம் விக்கணும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். இன்றைக்கு இன்ஃப்ளூயன்ஸர் மார்க்கெட்டிங் என்று சொல்றோமே, அதை போன் லைன்கூட ஒழுங்கா இல்லாத காலத்தில் பண்ணியவர்.

எல்லாம் பளபளப்பு மட்டும்தானா என்றால், இல்லை. 1955-ல் வெனிஸில் அவருக்குக் கல்யாணம். படகுகளின் ஊர்வலம், நாள்கணக்கில் விருந்து, ஐரோப்பியப் பத்திரிகைகள் முழுக்க அதே போட்டோ. மணப்பெண் ஈரா வான் ஃபர்ஸ்டன்பர்க், ஃபியட் கார் கம்பெனியின் அன்யெல்லி குடும்பத்துப் பெண். வயது 15. மாப்பிள்ளைக்கு 31. சர்ச்சில் சிறப்பு அனுமதி வாங்கி நடந்த கல்யாணம் அது. அந்தக் காலத்தில் பத்திரிகைகள் இதைத் தேவதைக் கதையாகத்தான் எழுதின. இப்போ படிக்கும்போது நமக்கு அந்த வரியில் விரல் நின்னுடுது, நிக்கணும். இரண்டு மகன்கள் பிறந்து, 1960-ல் பிரிந்துவிட்டார்கள். பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்று பெரிய சண்டையும் நடந்தது. அவர்களில் இளையவர் ஹூபெர்டஸ்தான், பின்னாளில் மெக்ஸிகோவுக்காகக் குளிர்கால ஒலிம்பிக்ஸில் பனிச்சறுக்கு ஆடியவர். 2014-ல் சோச்சியில் இறங்கும்போது அவருக்கு வயது 55.

மெக்ஸிகோ அல்ஃபோன்சோவுக்கு அம்மா வழி ஊர். ஃபோக்ஸ்வாகன் காரை அங்கே விற்கும் வேலையில் 1950-களிலேயே இறங்கியவர். அதனால் நண்பர்கள் அங்கேயும் நிறைய. அதில் ஒருவர் என்ரிக்கே கோர்க்குவேரா. அகாபுல்கோவில் அவருக்கு வீடு. டென்னிஸ் கோர்ட் போட ஆசை, ஆனால் இடம் பத்தலை. பந்து வேற அடுத்த காம்பவுண்டுக்குப் பறக்குது. 1969-ல் இருக்கிற இடத்திலேயே 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்துக்குச் சின்னதா ஒரு கோர்ட் போட்டு, சுற்றிச் சுவர் எழுப்பி, சுவரில் பட்டு வரும் பந்தையும் ஆடலாம் என்று வைத்துவிட்டார். விதிகளை எழுதி வைத்தது அவர் மனைவி விவியானா. இதுதான் பேடல். நம்ம தெருவில் சுவரில் பட்டால் ஒன் பிட்ச் கேட்ச்னு ரூல் போடுவோமே, பிறந்த விதம் கிட்டத்தட்ட அப்படித்தான்.

1974-ல் அங்கே போன அல்ஃபோன்சோ ஆடிப் பார்த்தார், விழுந்துட்டார். ஊர் திரும்பியதும் கோர்ட்டிலும் விதியிலும் கொஞ்சம் மாற்றம் செய்து, மார்பேயா கிளப்பில் இரண்டு கோர்ட் கட்டினார். விம்பிள்டன் ஜெயித்த டென்னிஸ் வீரர் மனோலோ சந்தானாவும் இதில் இறங்க, கடற்கரை முழுக்கப் பரவியது. அடுத்த வருடமே அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டது. இன்றைக்கு ஸ்பெயினின் சின்ன ஊர்களில்கூட பேடல் கோர்ட் இருக்கு.

நீங்க முதல்முறை ஆடப்போறீங்கன்னா இவ்வளவு தெரிஞ்சா போதும். எப்பவும் நாலு பேர், ரெண்டு ரெண்டா. சர்வீஸை இடுப்புக்குக் கீழே இருந்துதான் போடணும். ஸ்கோர் டென்னிஸ் மாதிரியே 15, 30, 40. ராக்கெட்டில் நரம்பு கிடையாது, ஓட்டை போட்ட தட்டையான பலகை மாதிரி இருக்கும், வாடகைக்குக் கிடைக்கும். பந்து முதலில் தரையில் படணும், அப்புறம் சுவரில் படலாம். பலத்தைவிடப் பொறுமைக்கு மார்க் அதிகம். டென்னிஸ் தெரியாதவர்கூட அரை மணி நேரத்தில் ஆடிவிடலாம் என்பதுதான் இது இவ்வளவு வேகமாகப் பரவக் காரணம் என்று எனக்குத் தோணுது.

சரி, ஒயினுக்கு வருவோம். இங்கேதான் கதை திரும்புது.

மார்பேயாவை உலகத்துக்குக் காட்டியவர் அவர். உலகம் வந்தது, ஆனால் அவர் நினைத்த மாதிரி வரலை. உயரக் கட்டடம் வேண்டாம், மரங்களுக்குள் வீடு ஒளிந்திருக்கணும் என்பது அவர் ஆசை. பக்கத்தில் 1970-ல் திறந்த புவேர்ட்டோ பனுஸ் துறைமுகம் வானளாவிய டவர்கள் இல்லாமல் வெள்ளைக் கிராமம் போல எழுந்ததில் அவர் பங்கும் உண்டு. ஆனால் கடற்கரை நெடுக கான்க்ரீட் ஏறிக்கொண்டே போனது. மீனவக் கிராமமாக இருந்த ஊரில் இன்றைக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஹோட்டலும் கைமாறியது. தான் வளர்த்த ஊரின் மாற்றம் பிடிக்காமல் அறுபது வயதுக்கு மேல் அவர் மலைப்பக்கம் ஒதுங்கினார். முதல் வீட்டைப் போர் பறித்தது. இரண்டாவதை? அவர் கூப்பிட்டு வந்த கூட்டம்தான்.

ரோண்டாவுக்குப் பக்கத்தில் லாஸ் மோன்ஹாஸ் என்ற பண்ணை. மோன்ஹாஸ் என்றால் கன்னியாஸ்திரிகள். அங்கே 1990-களின் தொடக்கத்தில் திராட்சை நட்டார். ரோண்டா பகுதியில் ரோமானியர் காலத்திலிருந்தே திராட்சை உண்டு. பக்கத்தில் இடிந்து கிடக்கும் அசினிப்போ என்ற ரோமானிய நகரத்தின் நாணயத்திலேயே திராட்சைக் கொத்து இருக்கு. ஆனால் 1878-ல் மலகா மாகாணத்துக்குள் ஃபைலோக்ஸெரா என்ற குட்டிப் பூச்சி நுழைந்தது. செடியின் வேரில் உட்கார்ந்து சாறு குடிக்கும். ஒரு தலைமுறைக்குள் தோட்டங்கள் காலி. நூறு வருடம் கழித்து, 1982-ல் ஃப்ரீட்ரிஷ் ஷாட்ஸ் என்ற இளம் ஜெர்மானியர் முதலில் ரோண்டாவில் மறுபடி நட்டார். அவருக்குப் பின்னால் துணிந்தவர்களில் அல்ஃபோன்சோ ஒருவர்.

ஏன் துணிச்சல் என்கிறேன்னா, மலகா அதுவரை இனிப்பு ஒயினுக்குத்தான் பெயர் போனது. அங்கே நல்ல உலர் ரெட் ஒயின் வரும் என்று யாரும் நம்பவில்லை. அதுக்கென்று அதிகாரபூர்வ முத்திரைகூட கிடையாது. ஆனால் ரோண்டா கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரம். பகலில் வெயில் கொளுத்தும், ராத்திரி குளிர் இறங்கும். வெயிலில் பழத்துக்கு இனிப்பு ஏறும், குளிரில் புளிப்பு தங்கும். ஒயினுக்கு இந்த ரெண்டும் சேர்ந்து வேணும். கேபர்னே, மெர்லோ, சிரா, தெம்ப்ரானியோ வகைகளை நட்டு, 'பிரின்சிபே அல்ஃபோன்சோ' என்று தன் பெயரிலேயே பாட்டில் போட்டார். 2001-ல் இந்தப் பகுதி ஒயினுக்கு 'சியேராஸ் டி மலகா' என்ற முத்திரை கிடைத்தது. இப்போ ரோண்டாவைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட ஒயின் பண்ணைகள் இருக்கு. அந்த முத்திரை வந்த இரண்டு வருடத்தில், 2003 டிசம்பர் 21-ல், 79 வயதில் மார்பேயாவில் அவர் இறந்தார்.

இப்போ பிளான். இதுக்காகவே இங்கிருந்து ஃபிளைட் ஏறுங்கன்னு சொல்லலை. ஐரோப்பாவில் படிக்கிறவங்க, வேலை பார்க்கிறவங்க, இல்லைன்னா ஸ்பெயின் டிரிப்பில் இரண்டு நாள் மிச்சம் இருக்கிறவங்களுக்குச் சரியா வரும். நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேணும், முன்கூட்டியே அப்ளை பண்ணிடுங்க. மலகா ஏர்போர்ட்டில் இறங்கினால் மார்பேயா ஒரு மணி நேரத்துக்குள். அங்கே ரயில் கிடையாது, பஸ்தான். ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் திராட்சை அறுவடைக் காலம். பார்க்க அதுதான் பெஸ்ட். ஆனால் சின்னப் பண்ணைகளில் எல்லாருமே அப்போ தோட்டத்தில்தான் இருப்பாங்க, புக் பண்ணாமல் போய் நிக்காதீங்க. கூட்டம் வேண்டாம்னா வசந்தகாலம்.

பேடலைக் காலையிலேயே முடிச்சிடுங்க. கோடையில் மதியம் கண்ணாடிச் சுவருக்குள் நின்னா வெந்துடுவீங்க. ஒயினுக்கு அப்புறம் ஆடுற ஐடியா இருந்தா, சுவர்ல படப்போறது பந்து மட்டும் இல்லை! கோர்ட் முடிஞ்சதும் சாப்பிட்டுட்டு ரோண்டாவுக்கு பஸ்ஸோ டாக்ஸியோ பிடிங்க. சுவைக்கப் போறவர் கார் ஓட்டக் கூடாது. சான் பெத்ரோவிலிருந்து ஏறுற அந்த ரோடு முழுக்க வளைவு, ஸ்பெயின் போலீஸும் நிறுத்தி ஊதச் சொல்லும். டேஸ்டிங்கில் வாயில் வைத்துப் பார்த்துட்டுத் துப்புறதுக்குத் தனிப் பாத்திரம் வெச்சிருப்பாங்க. துப்பினால் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. குடிக்காதவங்க திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாலே போதும்.

ராத்திரி ரோண்டாவிலேயே தங்கிடுங்க. பகல்ல வர்ற டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் சாயங்காலம் கிளம்பிடும். அதுக்கப்புறம் புவென்தே நுவேவோ பாலத்துக்கு நடந்து போங்க. 1793-ல் கட்டி முடித்தது, கீழே கிட்டத்தட்ட 100 மீட்டர் பள்ளம். திரும்பி மார்பேயா வரும்போது, கடற்கரை ஹைவேயில் அந்த ஹோட்டல் வாசலைத் தாண்டும் இடத்தில் போர்டைப் பாருங்க. அந்தச் சாலைக்கே அல்ஃபோன்சோ டி ஹோஹென்லோஹே என்றுதான் பெயர். ரெண்டு பக்கமும் கட்டடம், வார இறுதின்னா டிராஃபிக் நகராது. படிக்க நிறைய நேரம் கிடைக்கும்.