நம் மண்ணின் விலங்குகளை வரைந்து காட்டிய மா. கிருஷ்ணன்

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயிலில் ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் வரும் முதல் ஆந்திர ஸ்டேஷன் தடா. ஊரின் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஒரிஸாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். குளிர்காலம் தொடங்கிவிட்டால் இதன் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்.

ஆனால் இங்கே பிழைக்க வந்திருக்கும் நம் குடும்பத்துப் பிள்ளை ஒன்றிடம் காகிதத்தையும் கலர்ப் பென்சிலையும் கொடுத்து, ஒரு மிருகம் வரை என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டகச்சிவிங்கியை வரையும். இல்லாவிட்டால் வரிக்குதிரையை வரையும். இரண்டும் ஆப்பிரிக்காவில் வாழ்பவை. வீட்டுக்கு அருகே வந்து நிற்கும் பூநாரையை வரையத் தோன்றாது. குற்றம் பிள்ளையுடையது அல்ல. பூநாரையை அதற்குக் காட்டியவர் யாரும் இல்லை.

நாடு சுதந்திரம் அடைந்த காலத்திலேயே இந்தக் குறையைக் கண்டு வருந்திய தமிழர் ஒருவர் இருந்தார். படித்த இளைஞர்களுக்குக்கூட நம் நாட்டு மரம் எது, மிருகம் எது என்று தெரியவில்லையே என்று அவர் எழுதினார். எழுதியதோடு நிற்காமல், வாழ்நாள் முழுவதும் நம் நாட்டு உயிரினங்களைத் தாமே வரைந்தும் காட்டினார். அவர்தான் காட்டுயிர் நிபுணர் மா. கிருஷ்ணன்.

நாவலாசிரியரின் கடைசிப் பிள்ளை

கிருஷ்ணன் 1912-ம் ஆண்டு ஜூன் 30-ம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா, பத்மாவதி சரித்திரம் என்ற நாவலை எழுதிப் புகழ் பெற்றவர். சர்க்கார் உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அவருடைய எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன் கடைசி.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. அந்நாளைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அல்ல. சுற்றிலும் புதர்க்காடு. நரி ஊளையிடும், வெளிமான் மேயும், பறவைகளுக்கோ கணக்கில்லை. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தான். விலங்குகளைப் பற்றி அவன் முதலில் கற்ற பாடம் புத்தகத்தில் இல்லை. வீட்டுக் கொல்லையில்தான் இருந்தது.

1925-ல் மாதவையா திடீரென்று காலமானார். சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசிய அன்றே, அந்த மண்டபத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. குடும்பப் பொறுப்பு மூத்த சகோதரியின் தலையில் விழுந்தது.

தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்

1927-ல் கிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் ஃபைசன் என்ற ஆங்கிலேயர். நீலகிரி, கொடைக்கானல் மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் எழுதியவர். மலைக்குப் போகும்போது மாணவர் கிருஷ்ணனையும் அழைத்துப் போவார். பேராசிரியரின் மனைவி டயானா ரூத் செடிகளையும் பூக்களையும் கண்ணால் பார்த்தபடியே வரைவதில் தேர்ந்தவர். அந்த அம்மையாரிடமிருந்து கிருஷ்ணன் நீர்வண்ண ஓவியத்தின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டார்.

கிருஷ்ணனின் வாழ்க்கையைத் திருப்பியது இந்தப் பயிற்சிதான் எனலாம். செடியை வரைகிறவன் இலை எப்படிக் கிளைக்கிறது, பூவுக்கு எத்தனை இதழ் என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும். மனத்தில் தோன்றியபடி வரைந்தால் அது வேறு செடியாகிவிடும். முதலில் பார்வை, பிறகுதான் படம். பிற்காலத்தில் யானையையும் மானையும் மைனாவையும் வரைந்தபோதும் கிருஷ்ணன் இந்த முறையை விடவில்லை.

வேலை கிடைக்காத பட்டதாரி

படிப்பில் கிருஷ்ணன் அதிக மார்க் வாங்கியவர் அல்லர். எம்.ஏ. படித்தார், சட்டமும் படித்தார். ஆனாலும் நிலையான வேலை அகப்படவில்லை. பத்திரிகைகளுக்குச் சித்திரங்களும் கேலிப் படங்களும் வரைந்து கொடுத்துக் கொஞ்சம் சம்பாதித்தார். பட்டம் வாங்கிய பிள்ளை பறவையையும் அணிலையும் வரைந்துகொண்டிருந்தால் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்மில் பலர் வீட்டில் நாள்தோறும் நடக்கும் விவாதம்தானே அது!

1942-ல் வழி பிறந்தது. பல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் சமஸ்தானத்து மகாராஜா அவருக்கு வேலை கொடுத்தார். சிறிய சமஸ்தானம். ஆகவே ஒருவரே பல வேலை பார்க்க வேண்டியிருந்தது. கிருஷ்ணன் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அதிகாரியாகவும் மகாராஜாவின் அரசியல் செயலாளராகவும் இருந்தார். ஓய்வு நேரமெல்லாம் காட்டில் கழிந்தது. ஆடு மேய்த்தார், செய்தி கொண்டுபோகும் புறாக்களை வளர்த்துப் பழக்கினார். காட்டுயிர்களை வெகு அருகிலிருந்து பார்த்துப் பழகியது அந்த ஏழு ஆண்டுகளில்தான்.

பேனாவே பிழைப்பு

1949-ல் சந்தூர் இந்திய யூனியனுடன் இணைந்தது. சமஸ்தானம் போயிற்று, வேலையும் போயிற்று. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். மனைவியும் மகனும் உண்டு. வயது முப்பத்தேழு. மாதச் சம்பளம் கிடைக்கும் ஓர் ஆபீஸ் வேலையைத் தேடிக்கொள்வதுதான் உலக வழக்கம். அவர் அதைச் செய்யவில்லை. எழுத்தையும் சித்திரத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்வது என்று துணிந்தார். மயிலாப்பூரில், இன்று ராதாகிருஷ்ணன் சாலை என்று வழங்கும் தெருவில், எளிய வீடு ஒன்றில் வாழ்ந்தார்.

1950-ல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இரு வாரத்துக்கு ஒருமுறை இயற்கையைப் பற்றி எழுதத் தொடங்கினார். அந்தப் பகுதி 46 ஆண்டுகள் நடந்தது. கட்டுரையோடு அவரே பேனாவால் வரைந்த கோட்டுச் சித்திரங்களும் வரும். புலியையும் யானையையும் பற்றி மட்டும் எழுதுபவர் அல்லர் அவர். கொல்லைப்புறத்து ஓணான், சுவரில் ஓடும் பல்லி, கிணற்றடிக் காக்கை எல்லாவற்றுக்கும் அவர் பத்தியில் இடம் உண்டு. காட்டுக்குப் போக வசதியில்லாத வாசகனும் தன் வீட்டு ஜன்னல் வழியாகவே இயற்கையைப் பார்க்கலாம் என்று அவர் காட்டினார்.

புகைப்படத்திலும் அவர் வழி தனி வழி. பல உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பெரிய காமிராவைத் தூக்கிக்கொண்டு, பழக்கிய யானை மேல் ஏறிக் காட்டுக்குள் போவார். கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுப்பார். 1968-ல் அவருக்கு ஜவஹர்லால் நேரு பெலோஷிப் கிடைத்தது. அதைக்கொண்டு தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தமிழை அவர் மறக்கவில்லை. தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் கட்டுரைகள் எழுதினார். கதிரேசன் செட்டியாரின் காதல் என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை அவர் காலத்துக்குப் பின் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் நூலாக்கினார். சங்கப் புலவர்களின் பாட்டில் வரும் விலங்குகளையும் கிருஷ்ணன் ஆர்வத்தோடு ஆராய்ந்தவர். கண்ணால் கண்டதைப் பாடுவதும் செதுக்குவதும் நம் முன்னோர் வழக்கம். மாமல்லபுரத்துப் பாறையில் பின்காலால் முகத்தைச் சொறியும் மானைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். மானைக் காட்டில் பார்க்காத சிற்பியால் அதைச் செதுக்கியிருக்க முடியாது.

பேத்திக்குச் செய்த புத்தகம்

அயல்நாட்டுச் செடிகளையும் மரங்களையும் கொண்டுவந்து நடுவதைக் கிருஷ்ணன் கடுமையாக எதிர்த்தார். இந்த மண்ணுக்குரிய மரமும் விலங்கும் இந்த மண்ணில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவற்றை வரும் தலைமுறை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் அதில் அடங்கும். பெயர் தெரியாத பறவை அழிந்து போனால் அதற்காக வருந்துபவர் யார்?

முதுமையில் தம் பேத்திக்காக அவர் ஒரு புத்தகம் செய்தார். அகர வரிசை போல, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் விலங்குகள். அவற்றுக்கு வேடிக்கையான பாட்டு. கூடவே அவர் கைச்சித்திரம். ஒரு குழந்தையின் கையில் கொடுப்பதற்காகச் செய்தது அது. 2021-ல் நூலாக அச்சாகி எல்லோருடைய குழந்தைகளுக்கும் கிடைத்தது.

1996-ம் ஆண்டு பிப்ரவரி 18-ம் தேதி கிருஷ்ணன் காலமானார். கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார். சென்னை இயற்கையாளர் சங்கம் அவர் பெயரால் இளைஞர்களுக்கு இயற்கை எழுத்துப் பரிசு ஒன்றை ஏற்படுத்தியது.

நாம் செய்யக்கூடியது

மாதவையாவின் மகனுக்கு மயிலாப்பூர்ப் புதர்க்காடு வாய்த்தது. தடாவில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பழவேற்காடு ஏரி வாய்த்திருக்கிறது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரிக்கு நடுவிலேயே செல்கிறது. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகலாம். செலவு பஸ் கட்டணமும் ஒரு நோட்டும் பென்சிலும்தான்.

போனவுடன் வரையச் சொல்ல வேண்டாம். முதலில் பார்க்கட்டும். பூநாரையின் அலகு நடுவில் எப்படி வளைகிறது? இரை எடுக்கும்போது தலையை ஏன் தலைகீழாக வைத்துக்கொள்கிறது? பறக்கும்போது மட்டும் தெரிகிற சிவப்பும் கறுப்பும் இறக்கையில் எங்கே இருக்கின்றன? இவற்றைக் கண்டுபிடித்த பிறகு பென்சிலை எடுக்கட்டும். கோடு கோணலாக இருந்தால் குற்றமில்லை. படத்துக்குக் கீழே பூநாரை என்று தமிழில் பிள்ளையே எழுதட்டும். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிற பிள்ளைக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் அன்று சேர்ந்துவிடும்.

பிறகு அந்தப் படத்தைக் காலண்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டி வைக்கலாம். அடுத்த ஆண்டு பறவைகள் திரும்பி வரும்போது, நம்மை அழைத்துப் போவது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும்.