சர் லியோனார்டு ராஜர்ஸ்

புது வெள்ளம் வந்து கிணறும் ஏரியும் கலங்கும் நாட்களில் வயிற்றுக்கடுப்பு என்று சுருண்டு படுத்துக்கொள்வோர் நம் ராசிபுரம் பக்கத்தில் எத்தனையோ பேர். அந்நோயில் ஒரு வகைக்குக் காரணம் அமீபா என்னும் ஒற்றைச் செல் உயிர். அதனோடு நம் நாட்டில் இருந்தே போராடியவர் சர் லியோனார்டு ராஜர்ஸ்.

இவர் 1868-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தார். லண்டனில் மருத்துவம் பயின்று, 1893-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1900 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் பேராசிரியர். பிணப் பரிசோதனைக் கூடமே அவருக்குப் பாடசாலை. அமீபா குடலைப் புண்ணாக்குவதோடு நில்லாமல் இரத்தத்தின் வழியே ஈரலுக்கும் சென்று சீழ்க்கட்டியை உண்டாக்குவதை அங்கே அவர் மீண்டும் மீண்டும் கண்டார். அந்தக் கட்டியைக் கத்தியால் திறந்தாலும் பலர் பிழைப்பதில்லை.

அக்காலத்தில் இதற்கு இருந்த மருந்து இபிகாக் என்னும் பிரேசில் நாட்டு வேர். கேட்கும் மருந்துதான், ஆனால் உள்ளே போனதும் குமட்டி வாந்தியாக வெளியே வந்துவிடும்! அவ்வேரின் சாரமான எமெட்டின் அமீபாவைக் கொல்வதை வெட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் 1911-இல் பிலிப்பைன்சில் சோதனைக் குழாயில் காட்டினார். அதைப் படித்த ராஜர்ஸ், வாய் வழியாகத் தந்தால்தானே வாந்தி, ஊசி வழியாகத் தந்தால் என்ன என்று எண்ணினார். 1912-இல் கல்கத்தாவில் நோயாளிகளுக்கு எமெட்டின் ஊசி போட்டார். சாகும் தறுவாயில் இருந்தவர்களும் சில நாட்களில் தேறினர். உலகெங்கும் அம்முறை பரவியது.

ஆயினும் கதை அதோடு முடியவில்லை. எமெட்டின் இதயத்தைத் தளர்த்தும். ஊசி போட்டுக்கொண்டவர் படுக்கையை விட்டு எழக்கூடாது. தேறியவர்களில் சிலருக்கு நோய் திரும்பவும் வந்தது. அவர்கள் பிறருக்கும் பரப்பினர். ஏனெனில் அமீபாவுக்கு இரண்டு நிலைகள் உண்டு. குடலைக் குடைந்து அலையும் நிலை ஒன்று. கெட்டியான கூடு கட்டி உறங்கும் நிலை மற்றொன்று. ஊசி முன்னதைக் கொன்றது. கூட்டுக்குள் இருந்ததைத் தொடவில்லை. மலத்தோடு வெளியேறும் அக்கூடு ஈரமான இடத்தில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினுக்கும் அசையாது, கொதிநீருக்குத்தான் பணியும். ஒரு கூடு நம் குடலில் திறந்தால் எட்டு அமீபாக்கள்!

தோழியரே, ஓர் உயிர் இரண்டு வேடம் போடுவது எப்படி? அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு ஒன்றுதான். பண்டிகைக்கு ஒரு பக்கம் திறக்கிறது, காய்ச்சல் நாளில் வேறு பக்கம். மரபணுக்களும் அப்படியே. அலையும் நிலையில், குடற்சுவரைப் பற்றவும் செல்களைத் துளையிடவும் தேவையான புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் வேலை செய்கின்றன. கூடு கட்டும்போது, இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டினை ஆக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இந்த அமீபாவின் மரபணுத் தொகுதி முழுவதும் 2005-இல் வெளியாயிற்று. ஆனால் மனிதரிடம் வாழும் அமீபா ஆய்வுக்கூடத்தில் எளிதில் கூடு கட்டாது. எனவே பாம்பு, பல்லி இனங்களில் வாழும் அதன் உறவுக்கார அமீபாவை வைத்து, எந்தக் கட்டத்தில் எந்த மரபணு ஓங்குகிறது, எது ஓய்கிறது என்று 2013-இல் விரிவாகக் கணக்கெடுத்தார்கள். ராஜர்ஸ் காலத்தில் மரபணு என்பது பெயரளவில்தான் தெரியும்.

அவர் செய்த பிற பணிகளும் பல. காலராவில் நீர் வற்றிய உடலுக்கு இரத்தக் குழாய் வழியே உப்பு நீர் ஏற்றி எண்ணற்ற உயிர்களைக் காத்தார். கல்கத்தாவில் வெப்பநாட்டு நோய்களுக்கென ஒரு கல்விக்கூடம் எழ ஓயாது உழைத்தார். 1914-இல் அதற்கு அடிக்கல் நாட்டினர். தாயகம் திரும்பிய பின், தொழுநோயாளருக்காக 1924-இல் ஒரு நிவாரணச் சங்கம் அமையக் காரணமாயிருந்தார்.

1962 செப்டம்பரில், 94-ஆம் வயதில் காலமானார். இன்று டாக்டர்கள் எழுதித் தரும் மெட்ரோனிடசோல் அமீபா நோய்க்குப் பயன்படும் என்று தெரிந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். அதுவும் கூட்டுக்குள் இருப்பதை முற்றிலும் ஒழிப்பதில்லை. அதற்கென்று இன்றும் தனியாக இன்னொரு மருந்து தரவேண்டியிருக்கிறது.