கப்பல் ஏறுமுன்: டொக்டர் ஆனந்திபாய் ஜோஷியின் ஆயத்தம்

நமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டைக் காணும் இவ்வேளையில் மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டார்கள். மருத்துவத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகளாகிய நாங்கள் யாரைப் பற்றி எழுதலாம் என்று யோசித்தபோது, நம் கல்லூரி வாசலையே மிதித்திராத ஒருவர் நினைவில் வந்து நின்றார். அவர் ஆனந்திபாய் ஜோஷி. மேலைத்தேய மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். அந்தப் படிப்புக்காகத் தனியே கடல் கடந்து அமெரிக்கா சென்றவர்.

அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் நம் தங்கைமார் எங்களை அழைத்துப் பேசுவார்கள். எத்தனை சுவெட்டர் வேண்டும், மிளகாய்த்தூள் எவ்வளவு கொண்டுபோகலாம், சோறு சமைக்கும் குக்கரை அங்கே வாங்கலாமா என்று கேட்பார்கள். எல்லாம் தேவையான கேள்விகளே. ஆனால் கேட்க வேண்டிய வேறு சில கேள்விகளை அவர்கள் கேட்பதில்லை. நாங்களும் அந்த வயதில் கேட்கவில்லை.

எங்களில் சிலர் வாகரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பனிச்சங்கேணியையும் வாழைச்சேனையையும் தாண்டி மட்டக்களப்புக்கு வந்து சேர்வதே அன்று எங்களுக்கு வெளிநாட்டுப் பயணம். யுத்த காலம். பாதை திறந்திருந்த நாட்களும் உண்டு, மூடியிருந்த நாட்களும் உண்டு. ஒரு தகரப் பெட்டி, ஒரு பூட்டு, ஒரு போத்தல் இடித்த சம்பல். பெட்டியை எப்படி அடுக்குவது என்று அம்மாமாருக்குத் தெரிந்திருந்தது. பெட்டியைத் தூக்கிச் செல்பவளை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று சொல்லித் தர ஆள் இருக்கவில்லை. ஆனந்திபாயின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தக் குறைதான் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

1865 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆம் திகதி மராத்தி பிராமணக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிறந்த வீட்டில் அவருக்கு இட்ட பெயர் யமுனா. ஒன்பது வயதில் கோபால்ராவ் ஜோஷி என்ற தபால் கந்தோர் எழுதுவினைஞருக்கு அவரை மணம் செய்து கொடுத்தார்கள். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். ஆனந்தி என்ற பெயர் புகுந்த வீட்டில் வந்தது.

பெண்கள் படிக்க வேண்டும் என்பதில் கோபால்ராவ் பிடிவாதமாக இருந்தார். அவரே மனைவிக்கு எழுத்தும் ஆங்கிலமும் கற்பித்தார். ஆனால் கடுமையான மனிதர். படிப்பின் பெயரால் சிறுமியாக இருந்த மனைவியை அடித்திருக்கிறார். ஆனந்திபாய் பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதமொன்றில் அந்த அடிகளை அவருக்கே நினைவூட்டினார். கணவர் படிக்க வைத்ததால்தான் உயர்ந்தார் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. அதில் பாதி உண்மைதான் இருக்கிறது.

பதினான்கு வயதில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்து பத்து நாட்களில் இறந்தது. தகுந்த மருத்துவ உதவி கிடைக்கவில்லை. தம் உடம்பின் கோளாறுகளை ஆண் வைத்தியரிடம் சொல்லப் பெண்கள் கூசிய காலம் அது. பெண் வைத்தியரோ இல்லை. வாகரை, கதிரவெளி, வெருகல் பக்கத்துத் தாய்மாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பாதை மூடிய இரவில் பிரசவ வலி எடுத்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களில் சிலர் இந்தத் துறைக்கு வந்ததற்கும் அதுவே காரணம். வைத்தியராக வேண்டும் என்ற எண்ணம் ஆனந்திபாய்க்கு அந்தப் பத்து நாட்களுக்குப் பிறகே வந்தது.

மனைவியை அமெரிக்காவில் படிக்க வைக்க உதவி கேட்டு அங்குள்ள ரோயல் வைல்டர் என்ற மிஷனரிக்குக் கோபால்ராவ் எழுதினார். மதம் மாறினால் உதவலாம் என்ற பதில் வந்தது. இருவரும் அதற்கு இணங்கவில்லை. ஆனால் வைல்டர் அந்தக் கடிதங்களைத் தமது சஞ்சிகையில் அச்சிட்டிருந்தார். நியூ ஜெர்சி மாநிலத்தின் ரோசெல் என்ற ஊரில் வாழ்ந்த தியோடீசியா கார்ப்பெண்டர் என்ற அம்மையார், பல் வைத்தியரைப் பார்க்கக் காத்திருந்த வேளையில் அந்தச் சஞ்சிகையைப் புரட்டினார். யாரென்றே அறியாத பெண்ணுக்குத் தம் வீட்டில் இடம் தருவதாக எழுதினார்.

அதன்பின் ஆனந்திபாய் கப்பல் ஏறும் வரை இருவரும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். வீட்டு வழக்கங்கள், உணவு, உடை, பெண்களின் நிலை என்று எல்லாவற்றையும் பேசினார்கள். கார்ப்பெண்டர் அம்மையாரை ஆனந்திபாய் தம் சித்தியாகவே கொண்டார். போய்ச் சேருமுன்பே அந்த ஊரில் அவருக்கென்று ஒருவர் இருந்தார். இது முதலாவது ஆயத்தம்.

எங்கே படிப்பது என்பது அடுத்த கேள்வி. சென்னை மருத்துவக் கல்லூரி 1875 இலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. பிற இடங்களில் பெண்களுக்கு மருத்துவிச்சி வகுப்புகள் நடந்தன. ஆனால் இந்தியாவில் அன்று கிடைத்த படிப்பு தமக்குப் போதாது என்று ஆனந்திபாய் கருதினார். அப்போது கோபால்ராவ் கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில் வேலை பார்த்தார். அவர்களுக்குத் தெரிந்த தோர்போர்ன் என்ற வைத்தியத் தம்பதியர், பிலடெல்பியா நகரில் 1850 ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்படி ஆலோசனை சொன்னார்கள்.

ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்றார்கள். மதம் மாறத்தான் போகிறாள் என்றும் பேசினார்கள். முணுமுணுப்புக்கு முணுமுணுப்பால் பதில் சொல்லாமல், 1883 பெப்ரவரியில் செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் அவர் ஆங்கிலத்தில் உரையாற்றினார். வயது பதினேழு. தம்மைப் பார்த்து ஊரார் கேட்ட ஆறு கேள்விகளை வரிசையாக எடுத்துப் பதில் சொன்னார். ஏன் போகிறாய்? இங்கே படிக்க வழி இல்லையா? ஏன் தனியே போகிறாய்? திரும்பி வந்தால் சாதியிலிருந்து தள்ளிவைக்க மாட்டார்களா? கெடுதி ஏதும் நேர்ந்தால் என்ன செய்வாய்? எந்தப் பெண்ணும் செய்யாததை நீ ஏன் செய்ய வேண்டும்?

தனியே போவதற்கு அவர் சொன்ன காரணம் மிகச் சாதாரணமானது. கணவரின் உழைப்பை நம்பி வயதான தாயும் இளைய சகோதரர்களும் இருந்தார்கள். மதத்தைப் பற்றிய பதிலும் தெளிவானது. இந்துவாகப் போய் இந்துவாகவே திரும்பி வருவேன் என்றார். அந்த உரை பத்திரிகைகளில் வெளியானது. பல இடங்களிலிருந்து உதவிப் பணம் வந்தது. இது இரண்டாவது ஆயத்தம். ஏன் போகிறோம், எதை விட்டுக்கொடுப்போம், எதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதைக் கப்பல் ஏறுமுன்பே தமக்குள் தீர்த்துக்கொண்டார்.

மூன்றாவது ஆயத்தத்தைத்தான் யாரும் செய்யவில்லை. வங்காளத்தில் இருந்த நாட்களிலேயே அவருக்குக் காய்ச்சல், தலைவலி, உடற்சோர்வு, சில வேளைகளில் மூச்சுத் திணறலும் இருந்தன. கார்ப்பெண்டர் அம்மையார் அமெரிக்காவிலிருந்து மருந்து அனுப்பிப் பார்த்தார், சுகம் கிடைக்கவில்லை. அந்த நிலையிலேயே பயணம் முடிவாயிற்று. பதினெட்டு வயது நிறைந்து ஒரு வாரம் கழித்து, 1883 ஏப்ரல் 7 ஆம் திகதி, மிஷனைச் சேர்ந்த இரண்டு பெண்களின் துணையோடு கல்கத்தாவில் கப்பல் ஏறினார். ஜூன் மாதம் நியூயோர்க்கில் இறங்கியபோது கார்ப்பெண்டர் அம்மையார் அங்கே காத்திருந்தார்.

கோடைகாலத்தை அந்த வீட்டில் கழித்துவிட்டு இலையுதிர்காலத்தில் பிலடெல்பியாவுக்குப் போனார். கல்லூரித் தலைவி ரேச்சல் பொட்லி அவரைச் சேர்த்துக்கொண்டு உதவித்தொகையும் கிடைக்கச் செய்தார். ஜப்பானிலிருந்து கேய் ஒகாமியும் சிரியாவிலிருந்து சபாத் இஸ்லாம்பூலியும் அதே கல்லூரிக்கு வந்தார்கள். மூவரும் தத்தம் நாட்டு உடையில் நிற்கும் 1885 ஆம் ஆண்டுப் புகைப்படம் இன்றும் புகழ்பெற்றது. அதில் ஆனந்திபாய் சேலையோடு இருக்கிறார்.

பிலடெல்பியாவின் மாரிக்குச் சேலை போதவில்லை. குளிருக்கு ஏற்ப உடுக்கும் முறையைச் சற்று மாற்றிக்கொண்டார். அவர் தங்கிய அறையின் கணப்பு அடுப்பு சரியாக எரியாமல் புகை கக்கியது. ஒன்றில் புகையைச் சகிக்க வேண்டும், அல்லது குளிரைச் சகிக்க வேண்டும். மரக்கறி உணவையே உண்பதென்று உறுதியாக இருந்தார், ஆனால் தமக்கு ஏற்ற உணவு அங்கே போதுமான அளவு கிடைக்கவில்லை. மெலிந்த உடம்பு, பழக்கமில்லாத குளிர், புகை, குறைந்த உணவு, இரவுப் படிப்பு. இவை ஒன்று சேர்ந்தால் காசநோய்க்கு வழி திறந்துவிடும் என்று இன்று எந்த மருத்துவ மாணவியும் சொல்வாள். காசநோய்க் கிருமியை றொபேர்ட் கொக் அறிவித்து அப்போதுதான் ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. எக்ஸ்-றே 1895 இல் வந்தது. நோயை மாற்றும் மருந்துக்கு 1940கள் வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த உடம்போடுதான் அவர் படித்து முடித்தார். இந்துக்களின் மகப்பேற்று மருத்துவம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1886 மார்ச் 11 ஆம் திகதி பட்டம் பெற்றார். உறவினரான பண்டித ரமாபாய் அந்த விழாவுக்கு வந்திருந்தார். விக்டோரியா மகாராணியிடமிருந்து வாழ்த்து வந்தது. கோலாப்பூர் சமஸ்தானம் தனது வைத்தியசாலையில் பெண்கள் பகுதியின் பொறுப்பை அவருக்கு அளித்தது. நம் நாட்டில் கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

அந்தப் பொறுப்பை ஏற்க ஆனந்திபாய் வரவில்லை. 1886 இன் இறுதியில் நோயாளியாகவே நாடு திரும்பினார். 1887 பெப்ரவரி 26 ஆம் திகதி பூனாவில் காலமானார். இருபத்திரண்டு வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அவருடைய அஸ்தி கார்ப்பெண்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டது. நியூயோர்க் மாநிலத்திலுள்ள பொகீப்சி மயானத்தில், தம் குடும்பத்தாரின் இடத்திலேயே அவர் அதை அடக்கம் செய்தார். வெள்ளிக் கிரகத்தின் பள்ளமொன்றுக்கு இன்று ஜோஷியின் பெயர் வழங்குகிறது.

இந்த வாழ்க்கையை வெறும் சோகக் கதையாக நாங்கள் பார்ப்பதில்லை. அவர் செய்த இரண்டு ஆயத்தங்களையும் செய்யாமல் விடப்பட்ட ஒன்றையும் சேர்த்தே பார்க்கிறோம்.

வெளிநாடு போகும் தங்கைமாருக்கு முதலில் சொல்ல விரும்புவது இது. புறப்படுமுன் அந்த ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி உங்களுக்காகவே பதில் எழுதுங்கள். வேறு யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. முதல் மாரியில் நான்கு மணிக்கே இருட்டும்போது அந்தத் தாள் உதவும்.

அடுத்தது உடம்பு. ஆறு மாதத்துக்கு மேல் பிரித்தானியாவுக்குப் போவோர் விசாவுக்காகக் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கிறது. அதை ஒரு தொல்லையாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனந்திபாய்க்குக் கிடைக்காத படம் அது என்று நினைத்துக்கொண்டு எடுங்கள். தடுப்பூசிப் பதிவுகளைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லைக் காட்டிவிட்டுப் போங்கள். போய் இறங்கிய வாரமே அங்குள்ள வைத்தியரிடம் பெயர் பதியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் போய்க் காட்டுங்கள். புலமைப்பரிசில் போய்விடும் என்று பயந்து நோயை மறைக்க வேண்டாம். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சிறப்புப் பயிற்சிக்காக அந்நாட்டுக்குப் போன முதல் மாரியில், வைத்தியர்களாகிய நாங்களே மூன்று வாரம் இருமிக்கொண்டு, லீவு கேட்கக் கூச்சப்பட்டு வேலைக்குப் போனோம். தற்செயலாக அது சாதாரண இருமலாக இருந்தது.

கடைசியாக, எங்கும் பரந்து வாழும் பழைய மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். லண்டனில், டொரொன்டோவில், மெல்பேணில், ஒஸ்லோவில் நம்மவர்கள் இருக்கிறார்கள். வாகரையிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ ஒரு பிள்ளை நீங்கள் இருக்கும் நகரத்துக்குப் படிக்க வருகிறாள் என்று கேள்விப்பட்டால், அவள் வருமுன்பே எழுதுங்கள். விமான நிலையத்துக்குப் போங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துச் சோறு கொடுங்கள். அவளுடைய அறை சூடாக இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். தியோடீசியா கார்ப்பெண்டர் ஒரு சஞ்சிகையைப் படித்துவிட்டு முன்பின் தெரியாத பெண்ணுக்காகச் செய்ததை, ஒரே மணியோசை கேட்டு வளர்ந்த நாம் ஒருவருக்கொருவர் செய்யலாம். நூறு ஆண்டு கண்ட சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பணி எங்களுக்குத் தோன்றவில்லை.

இந்த ஆண்டு பெட்டி கட்டும் தங்கைமார் அனைவரும் சுகமாகப் போய்ச் சேர்ந்து, படித்து முடித்து, சுகமாகத் திரும்பி வர எங்கள் அன்பான வாழ்த்துகள்.