வாயும் குரலும் சேர்ந்த கதை

தோட்டத் திடலில் இரண்டு கம்பு நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. பண்டமாரான், கிள்ளான் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளான நாம் சாயங்காலமே பாய் விரித்து இடம் பிடித்தவர்கள்தான். சில நாளில் ஒரு வேடிக்கை நடக்கும். கதாநாயகி வாயசைப்பது ஒரு பக்கம், பாட்டு வருவது இன்னொரு பக்கம். திடலே கூச்சல் போடும். படம் ஓட்டுகிறவர் மெஷினை நிறுத்திச் சுருளைத் திரும்ப மாட்டினால்தான் வாயும் குரலும் சேரும்.

காரணம் இதுதான். வெளிச்சம் பட்டுப் படம் தெரிகிற இடம் வேறு, ஒலியை எடுக்கிற இடம் வேறு. திடலில் ஓட்டிய 16 மில்லிமீட்டர் சுருளில், ஒரு படத்துக்குரிய ஒலி 26 படம் தள்ளி முன்னால் இருக்கும். ஒரு வினாடிக்கு ஓடுவது 24 படம். சுருளை மாட்டும்போது கணக்குத் தவறினால் எல்லாம் கெட்டது.

ஓட்டுவதிலேயே இத்தனை என்றால், எடுப்பதில் எவ்வளவு இருக்கும்! தமிழில் அந்தப் பாட்டைப் பட்டவர்களில் முக்கியமானவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார்.

1907-ல் காரைக்குடியில் பிறந்தவர். தகப்பனார் கடை வைத்திருந்தார். அங்கே கிராமபோன் இசைத்தட்டும் விற்றது. பிறகு மெய்யப்பன் சென்னைக்கு வந்து, கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி இசைத்தட்டு வெளியிட்டார். எந்தக் குரல் எடுபடும், எது எடுபடாது என்று காது பழகியது அந்தத் தொழிலில்தான்.

1935-ல் கல்கத்தாவுக்குப் போய் அல்லி அர்ஜுனா எடுத்தார். கைப்பணம் போயிற்று. அடுத்து எடுத்த ரத்னாவளியும் கைகொடுக்கவில்லை. வேறொருவர் என்றால் போதுமடா சாமி என்று ஊருக்குத் திரும்பியிருப்பார். இவர் திரும்பவில்லை.

அந்த நாளில் நடிப்பவரே பாட வேண்டும், அதுவும் கேமரா ஓடும்போதே. வாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாசிப்பார்கள். முகம் நன்றாக இருந்து குரல் சுமாராக இருந்தால் வழியே கிடையாது. 1938-ல் வந்த நந்தகுமார் படத்தில் மெய்யப்பன் ஒரு துணிச்சல் செய்தார். நடிகையின் பாட்டு மனதுக்குப் பிடிக்கவில்லை. லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியைப் பாடவைத்து, அந்தக் குரலைப் படத்தோடு பொருத்தினார். தமிழில் பின்னணிப் பாட்டுக்கு அதுவே தொடக்கம் என்பார்கள்.

அடுத்து, கன்னடத்தில் எடுத்த ஹரிச்சந்திராவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து 1944-ல் வெளியிட்டார். கன்னடம் பேசிய வாயில் தமிழ் உட்கார வேண்டும். உதடு மூடுகிற இடத்தில் தமிழ்ச் சொல்லும் மூட வேண்டும். எவ்வளவு பொறுமை வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

1945-ல் ஸ்ரீவள்ளி வந்தது. வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மணி. அவர் பாடிய பாட்டுகளை எடுத்துவிட்டு, பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பிறகு பொருத்தினார்கள். முன்கூட்டியே பாட்டைப் பதிவு செய்து, அதைப் போட்டுக் காட்டி நடிக்கவைப்பது ஒரு வகை. எடுத்து முடித்த படத்தில் அசைகிற உதட்டைப் பார்த்துப் பாடுவது அதைவிடக் கஷ்டம். மூச்சு விடுகிற இடம்கூட இன்னொருத்தி மூச்சுக்கு ஒத்துப்போக வேண்டும். படம் நன்றாக ஓடியது.

அதே 1945-ல் ஏவி.எம். நிறுவனம் பிறந்தது. முதலில் காரைக்குடியில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தார். 1948-ல் கோடம்பாக்கம் வந்தார். வாழ்க்கை என்ற ஒரே கதையைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் எடுத்தார். 1979-ல் காலமானார்.

இங்கே நம் மனம் கொஞ்சம் நிற்கிறது. திரையில் ஒரு பெண்ணின் முகம். அவள் குரலை எடுத்துவிட்டார்கள். வந்து சேர்ந்தது இன்னொரு பெண்ணின் குரல். அவள் முகத்தைக் காணோம். சுருளை வெட்டி, ஒட்டி, ஓட்டை ஓட்டையாக எண்ணிப் பொருத்தியவர்களுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. நாம் வெட்டின பாலில் டயர் உருளுகிறது. அதில் யார் பெயர் இருக்கிறது? முதலாளி பெயர் பலகையில் ஏறுகிறது, தொழிலாளி பெயர் பெரட்டுப் புத்தகத்தோடு போகிறது.

இதைச் சொல்வதால் மெய்யப்பனைக் குறைத்துச் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். சரியில்லாத சரக்கை அப்படியே தள்ளிவிடாமல், மறுபடி செலவு செய்து சரிசெய்த முதலாளி அவர். அந்தக் குணத்துக்குக் கும்பிடு போடலாம். ஆனால் அவர் காதுக்குப் பிடித்ததைக் கையால் செய்து கொடுத்தவர்களையும் சேர்த்துத்தான் கும்பிட வேண்டும்.

இப்போது கேமரா ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் பதிவாகி, கம்ப்யூட்டரில் சேருகிறது. படப்பிடிப்பில் கட்டையை டக்கென்று தட்டுவது இன்றைக்கும் உண்டு. கட்டை மூடுகிற படமும் அந்த டக் ஓசையும் ஒன்றானால் மற்றதெல்லாம் தானாகச் சேரும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் இந்த வேலையைப் படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், தாய்மார்களே!

அடுத்த முறை படம் பார்க்கும்போது, வணக்கம் போட்டதும் எழுந்து போகாமல், ஓடுகிற பெயர்களை ஒரு நிமிடம் படியுங்கள். ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, பின்னணிக் குரல் என்று வரும். அவர்களும் நம்மைப்போல் வேலைக்காரர்கள்தான்.