மருந்தைச் சலித்தெடுத்த மாமனிதர்

என் இறுதியாண்டு ஆய்வு கேட்பதற்கு எளிது. உயிரணுக்கள் வளரும் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரு வேதிப்பொருளை இட்டு, பின் நச்சுயிரியை விட்டு, எந்தக் குழியில் அது உள்ளே நுழைய முடியாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான குழிகளில் ஏமாற்றம்தான். இப்படி மருந்தைச் சலித்தெடுப்பதில் உலகம் வியந்த ஒருவர் சென்னையில் படித்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யெல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்திற்கு ஆளானார். முழுப் பட்டத்திற்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. உடன்பிறந்தோரை நோய்க்குப் பறிகொடுத்தார். அவரையும் ஸ்ப்ரூ என்னும் தீராத வயிற்றுப்போக்கு வாட்டியது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதியே காப்பாற்றினார்.

மாமனார் தந்த பணத்தில் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் 1925இல் அவர் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவிடும் முறை இன்றும் உயிர்வேதியியல் நூல்களில் இருக்கிறது. ஆனாலும் ஹார்வர்டு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்திற்கு மாறினார்.

அங்கேதான் சலித்தெடுப்பு தொடங்கியது. யானைக்கால் புழுவுக்கு உறவான ஒரு புழு பருத்தி எலிகளில் வாழும். சேர்மங்களை ஒன்றன்பின் ஒன்றாக அந்த எலிகளுக்குக் கொடுத்து, இரத்தத்தில் நுண்புழுக்கள் குறைகின்றனவா என்று அவருடைய குழுவினர் எண்ணிக்கொண்டே இருந்தனர். எவ்வளவு சலிப்பான வேலை! கடைசியில் பைப்பரசின் குடும்பத்தில் ஒன்று தேறியது. 1947இல் வெளிவந்த டைஎத்தில்கார்பமசின் அதுதான். நம் நாட்டுச் சதுப்புநிலக் கம்பங்களில் யானைக்காலை ஒழிக்க வீடுவீடாகக் கொடுக்கப்பட்டதும் இதே மாத்திரை.

அதற்கு முன்பே, 1945இல், அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்திருந்தது. ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகைக்கு அது மருந்தானது. தம் குடும்பத்தை வாட்டிய நோயை அவர் மறக்கவில்லை போலும். அந்த அமிலத்தைச் சற்றே மாற்றினால் உயிரணுவை ஏமாற்றும் போலிச் சாவி கிடைக்கும், அதுதான் அமினோப்டெரின். 1948இல் சிட்னி ஃபார்பர் அதைக் கொண்டு குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். அதன் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் மருத்துவமனைகளில் உண்டு.

ஊரில் மனைவி சேஷகிரி காத்திருந்தார். சுப்பாராவ் திரும்பவேயில்லை. வாழ்க்கைக் குறிப்புகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. 1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் உறக்கத்திலேயே இறந்தார். வயது 53. பின்னாளில் ஒரு பூஞ்சைக்குச் சுப்பரோமைசிஸ் என்று பெயரிட்டார்கள்.